கடல் கடந்த தொண்டும் நண்பர் துணையும்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

  

கடல் கடந்து சென்று சிலகாலம் தொண்டு செய்து மீளவேண்டும் என்னும் ஆர்வம் இன்று நம் இளைஞர் பலரிடத்தே காணப்படுகின்றது. அது நல்ல ஆர்வம். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்போரும், உத்தியோகத்தில் இரண்டொரு மாத லீவு பெற்றோரும், தனியே போக மனமின்றி ஒரு நண்பரையும் சேர்த்துக்கொண்டு, "எந்த நாட்டுக்குப் போகலாம்?" என்று ஆராயத் தொடங்குகின்றனர். விளம்பரங்களுக்கோ குறைவில்லை. பனிமலை ஒன்று, கடற்கரை ஒன்று, நடுவிலே சிரிக்கும் குழந்தைகள். கீழே, செலுத்தவேண்டிய தொகை. இவற்றைக் கண்டவுடன் மனம் பறக்கின்றது. இங்கேதான் நாம் சற்று நிற்றல் வேண்டும்.

எந்த நாட்டுக்கு என்பது இரண்டாவது வினா. நாம் போவதனால் அங்குள்ளார்க்கு என்ன ஆகின்றது என்பதே முதலாவது வினா. அந்நியர் ஒருவர் வந்து நிற்பதுதானே சில இடங்களில் மருந்தாகின்றது. சில இடங்களில் அதுவே நோயாகின்றது. இவ்விரண்டையும் பகுத்தறிவது எப்படி, அதற்கு நண்பர் ஒருவர் எவ்வாறு துணையாவார் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நண்பரிருவர் கூடிப் பயணஞ் செய்து தொண்டாற்றுதல் நமக்குப் புதிய செய்தியன்று. திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் சேர்ந்து யாத்திரை செய்து திருவீழிமிழலையில் தங்கியிருந்த காலத்தில் பஞ்சம் வந்தது என்றும், இருவரும் நாடோறும் பெற்ற காசைக்கொண்டு தத்தம் திருமடங்களில் அடியார்க்கு அமுதளித்தனர் என்றும் பெரியபுராணங் கூறும். அரசர் மடத்தில் உரிய வேளையில் அமுதாயிற்று. பிள்ளையார் மடத்தில் நேரந் தாழ்ந்தது. சம்பந்தர் காரணத்தை உசாவினார். தம்முடைய காசுக்கு வணிகர் வட்டங் கேட்கின்றனர் என்பதும், நண்பர் காசுக்கு அவ்வாறு கேட்பதில்லை என்பதும் தெரியவந்தன. உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர் அப்பர். அதனால் அவர் காசு வட்டமில்லாக் காசாயிற்று. இக்கதையில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. பசித்தவர்க்குக் கொடுப்பவரின் புகழ் பொருளன்று. சோறு வேளைக்கு வந்ததா என்பதே பொருள். தம் மடத்துச் சோறு தாழ்வது ஏன் என்று கேட்கச் சம்பந்தர் கூசவில்லை. தொண்டு செய்யப் புறப்படுவோர் எல்லோரும் கேட்கவேண்டிய கேள்வி அது.

இனி நம் காலத்தை அடுத்த செய்தி ஒன்றைப் பார்ப்போம். சுவிற்சர்லாந்து தேசத்திலே பியேர் செரெசோல் என்று ஒருவர் இருந்தார். 1879இல் பிறந்து 1945இல் மறைந்தவர். எந்திரவியல் கற்றவர், ஆசிரியராயும் கடமையாற்றியவர். முதலாம் உலக யுத்தம் முடிந்தபின், 1920ஆம் ஆண்டில், அவர் ஒரு சிறு கூட்டத்தோடு பிரான்சு தேசத்திலுள்ள எஸ்ன் என்னும் கிராமத்துக்குச் சென்றார். அது வெர்டன் போர்க்களத்தை அடுத்துள்ளது. யுத்தத்தால் இடிந்து கிடந்தது. அவர்கள் குண்டு விழுந்த குழிகளைத் தூர்த்தார்கள், பாதையைச் செப்பனிட்டார்கள், மரத்தால் தற்காலிக வீடுகள் கட்டினார்கள். அக்கூட்டத்தில் ஜேர்மனியரும் இருந்தனர் என்பதே அதன் சிறப்பு.

பிரான்சு தேசத்திலே கொத்தரும் தச்சரும் இல்லையா? இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் வைத்த கல்லும் ஜேர்மனியர் வைத்த கல்லும் நிறையில் ஒன்றுதான். ஆயினும், இடித்த நாட்டவரின் கை வந்து கட்டுகின்றபோது, அக்கல்லோடு வேறொன்றும் வைக்கப்படுகின்றது. அதை உள்ளூர்க் கொத்தர் எவராலும் வைக்க இயலாது. ஜேர்மனியர் அங்கே இருத்தலாகாது என்னும் எதிர்ப்பு எழுந்தமையால், சில மாதங்களில் அவர்கள் வேலையை விட்டு நீங்க நேர்ந்தது. எனினும் அம்முயற்சியிலிருந்தே 'சர்வதேச சிவில் சேவை' என்னும் இயக்கம் வளர்ந்தது. இன்றும் அது பல நாடுகளில் வேலை முகாம்களை நடத்துகின்றது. முறிந்த வாளின்மேல் ஒரு மண்வெட்டி அதன் சின்னம். உழவாரத்தைப் போற்றும் நமக்கு அச்சின்னத்தின் பொருளை விரித்துக் கூறவேண்டியதில்லை.

அதே செரெசோல் பின்னர் நம் பக்கத்து நாட்டுக்கும் வந்தார். 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் தேதி பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. பீகாரில் மாத்திரம் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். செய்தி கேட்டவுடன் அவர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கப்பலேறிவிடவில்லை. முதலில் தாம் வந்து பார்த்தார். நிவாரண வேலைக்குத் தலைமை தாங்கிய இராஜேந்திர பிரசாத் அவர்களையும் காந்தியடிகளையும் கண்டு பேசினார். என்ன தேவை என்று கேட்டறிந்து, ஊர் திரும்பி, பின்னரே துணைவரோடு மீண்டும் வந்தார். பூகம்பத்தின் பின் வெள்ளம் பாயும் பள்ளங்களாகிவிட்ட கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றி அமைக்கும் வேலையில், கிராமத்தாரோடு சேர்ந்து மண் சுமந்தார். வெள்ளைக்காரர் என்றால் ஆணையிடுபவர் என்று மாத்திரம் அறிந்திருந்த நாட்டிலே, வெள்ளைக்காரர் ஒருவர் கூடை தூக்கினார். இங்கும் அவர் அந்நியராயிருந்ததே பயனாயிற்று.

அந்தப் பீகார் நிவாரண வேலையில் தமிழர் ஒருவர் ஆற்றிய பங்கையும் சொல்லாமல் விடலாகாது. தஞ்சாவூரிற் பிறந்த பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா அவர்கள்தாம் நிவாரண நிதியின் கணக்குகளைக் கண்காணித்தார். தொண்டர் ஒருவரின் நாட்செலவு இவ்வளவுதான் என்று அவர் வரம்பு கட்டினார். காந்தியடிகளும் அவருடைய குழுவினரும் வந்தபோது, அவர்களுடைய செலவையும் நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று சொல்லிவிட்டார். துயருற்றவர் பெயரால் வந்த பணம் துயருற்றவரையே சேரவேண்டும் என்பது அவர் கொள்கை. நாம் ஒரு நிறுவனத்துக்குப் பணங் கட்டுமுன் குமரப்பாவை ஒருகணம் நினைத்துக்கொள்வது நல்லது.

இதுவரை மருந்தைக் கண்டோம். இனி நோயைக் காண்போம்.

கம்போடியா தேசத்திலே அநாதைச் சிறுவர் இல்லங்கள் 2005ஆம் ஆண்டில் 154 இருந்தன. 2010ஆம் ஆண்டில் அவை 269 ஆயின. அவ்வைந்தாண்டுகளில் அங்கு யுத்தமும் இல்லை. பெருங் கொள்ளைநோயும் இல்லை. பின் ஏன் அநாதை இல்லங்கள் பெருகின? யுனிசெப் நிறுவனத்தின் துணையோடு நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அவ்வில்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நால்வரில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருந்தமையை அது காட்டிற்று. வறிய பெற்றோர், படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பிப் பிள்ளைகளை அனுப்பினர். வெளிநாட்டார் வந்து பார்த்து, கொஞ்சி, படம் பிடித்து, பணங் கொடுத்தனர். பார்க்க வருவோர் பெருக, காட்டுவதற்குப் பிள்ளைகள் தேவைப்பட்டனர். இரண்டு வாரம் தங்கிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துப் போகும் தொண்டர், தாம் அன்பு செய்வதாகவே எண்ணினர். அவர்களுடைய உள்ளத்தில் கள்ளமில்லை. ஆனால் தாயுள்ள பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைக்கும் ஒரு வியாபாரத்துக்கு அவர்களுடைய வருகையே முதலாயிற்று. இரண்டு வாரத்துக்கொருமுறை புதிய அண்ணாவும் அக்காவும் வந்து, பழகி, மறைந்துபோனால் அப்பிள்ளையின் உள்ளம் என்னாகும் என்பதையும் எண்ணிப்பாருங்கள். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைத் தீர்மானமும் இத்தகைய தொண்டுச் சுற்றுலாவினால் வரும் தீங்கை எடுத்துக்காட்டி, அரசாங்கங்கள் அதைத் தடுக்கவேண்டும் என்று கூறிற்று.

அன்பர்களே, எஸ்ன் கிராமத்தில் அந்நியர் வந்து நின்றது பகையை ஆற்றிற்று. கம்போடியாவில் அந்நியர் வந்து நின்றது குடும்பத்தைப் பிரித்தது. இரண்டிடத்தும் நல்லெண்ணம் இருந்தது. ஆகவே நல்லெண்ணத்தைக்கொண்டு தொண்டை அளத்தல் இயலாது என்பது தெளிவு.

நாமும் நண்பர் ஒருவரும் இவ்வாறு தெரிவு செய்ய முற்பட்ட காலத்தில் நிகழ்ந்ததை இங்கே சுருக்கமாகச் சொல்லுகின்றோம். நாம் ஆசிரியத் தொழிலில் உள்ளவர்; நண்பர் தொழில்நுட்பக் கல்லூரியிலே நீர்க்குழாய் வேலை பயின்றவர். நம் முன்னே இரண்டு அறிவித்தல்கள் இருந்தன. ஒன்று, வெளிநாட்டு நகரமொன்றில் உள்ள சிறுவர் இல்லம். மற்றது, நேபாளத்து மலைக் கிராமமொன்றில் குடிநீர் கொண்டுவரும் வேலை. நாமிருவரும் கூடியிருந்து ஐந்து வினாக்களை எழுதி, இரண்டிடத்துக்கும் ஒரேமாதிரி அனுப்பினோம். இவ்வேலையைக் கேட்டவர் யார்? நாம் வராவிட்டால் இதை யார் செய்வார்? நாம் திரும்பிய பின் இதை யார் தொடர்வார்? நாம் செலுத்தும் பணம் எங்கெங்கே போகும்? எம்மைப்பற்றி நீங்கள் அறியவேண்டியது என்ன?

முதலாவது இடத்திலிருந்து ஒரு மணிநேரத்திலேயே பதில் வந்தது. தொகை இவ்வளவு, வங்கிக் கணக்கு இன்னது, தங்குமிடத்தில் குளிரூட்டி உண்டு, ஞாயிறுதோறும் சுற்றுலா உண்டு என்று இருந்தது. நம் வினாக்களுக்கு விடையில்லை. சிறுபிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வரும் முன்பின் தெரியாத ஆடவர் இருவரிடம், பொலிஸ் நற்சான்றுப் பத்திரம் ஒன்றையேனும் அவர்கள் கேட்கவில்லை. "நம்மை யார் என்று கேளாமலே பிள்ளைகளிடம் விடுகிறவர்கள் வேறு யாரையும் விடுவார்கள்தானே" என்றார் நண்பர். அத்தோடு அக்கடிதத்தை மடித்து வைத்துவிட்டோம்.

நேபாளத்துப் பதில் மூன்று வாரங் கழித்து வந்தது. "எங்களுக்கு ஆசிரியர் வேண்டியதில்லை, எங்கள் ஊரிலேயே ஆசிரியர் உளர். குழாய் பொருத்தத் தெரிந்தவர் ஒருவர் வந்து, எங்கள் இளைஞர் இருவருக்கு அவ்வேலையைப் பழக்கிவிட்டால் உதவியாகும். மழை ஓய்ந்து அறுவடை முடிந்தபின் வாருங்கள். அதற்குமுன் வந்தால் எங்களுக்கு உங்களோடு வேலை செய்ய நேரமிராது. மற்ற நண்பர் கல்லும் மண்ணும் சுமக்கச் சம்மதமாயின் அவரும் வரலாம்" என்பது அதன் சாரம். படிப்பித்துப் பழகிய நமக்கு மண் சுமக்கும் உத்தியோகம்! நாமிருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். ஆயினும் தமக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம், எப்போது வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதிய கடிதம் அது என்பதில் ஐயமிருக்கவில்லை. ஆகவே அதையே தெரிந்தோம்.

கார்த்திகை மாதத்தில் சென்று ஆறு வாரம் வேலை செய்தோம். ஊற்றிலிருந்து ஊர்வரை குழாய் வந்தது. திரும்பிவந்து சில மாதங்களின்பின் அவ்வூர் இளைஞரிடமிருந்து ஒரு செய்தி கிடைத்தது. ஓரிடத்தில் மூட்டுக் கசிந்தது, தாங்களே கழற்றிப் பொருத்திவிட்டோம், உங்களிடம் கேட்கவேண்டியிருக்கவில்லை என்று எழுதியிருந்தனர். நண்பர் அதைப் பலமுறை வாசித்தார். தொண்டருக்கு அதைவிடப் பெரிய நற்சான்றுப் பத்திரம் கிடையாது. "நீங்கள் இன்றி முடியவில்லை" என்று எழுதியிருந்தால் அன்றோ நாம் வருந்தவேண்டும்!

இனி, நண்பர் துணையைப்பற்றிச் சில சொல்லவேண்டும். திருவள்ளுவர் நட்பு என்று ஓர் அதிகாரம் செய்ததோடு அமையாமல், நட்பாராய்தல் என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். நீண்ட பயணத்துக்கு முன் அவ்வாராய்ச்சி இருதரப்பிலும் நடக்கவேண்டும். போகவேண்டும் என்று ஏன் விரும்புகின்றோம் என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி, பின் மாற்றி வாசித்துப் பாருங்கள். ஒருவர் "வேலை பழக" என்றும் மற்றவர் "ஊர் பார்க்க" என்றும் எழுதியிருப்பின், அதை வீட்டிலிருக்கும்போதே அறிந்துகொள்வது மலையுச்சியில் அறிந்துகொள்வதிலும் நன்று. ஊர் பார்த்தல் குற்றமன்று. அதற்குத் தொண்டு என்று பெயரிடாமல் பார்த்து வரலாம்.

பணத்தைப்பற்றியும் கூச்சமின்றிப் பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் வீட்டில் வசதி உண்டு. மற்றவர் வீட்டில் தங்கையின் கலியாணச் செலவு காத்திருக்கின்றது. வசதி குறைந்தவரின் அளவுக்கே செலவைத் திட்டமிடவேண்டும். ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவரும் உடன் திரும்புவதா, இருந்து வேலையை முடிப்பதா என்பதையும் முன்னரே முடிவுசெய்தல் வேண்டும்.

நண்பர் துணையில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. இருவர் சேர்ந்தால் அவர்களே ஓர் ஊராகிவிடுவர். தம்முள்ளே தமிழில் பேசி, தம்முள்ளே சிரித்து, தம்முள்ளே குறைகூறி, சுற்றியுள்ளவரைக் காணாமலே காலத்தைக் கழித்துவிடுவர். ஆதலால் நாமிருவரும் பகலில் ஒரே குழுவில் வேலை செய்வதில்லை என்று ஒரு விதி செய்துகொண்டோம். இரவில் மாத்திரம் அன்றைய நாளைப்பற்றி அளவளாவுவோம். அதனால் நேபாள மொழியில் நூறு சொல்லாவது நாவில் ஏறிற்று. மண் சுமந்தவருக்கே அதிகம் ஏறிற்று என்று நண்பர் இன்றும் சொல்வதுண்டு.

கவனிக்கவேண்டிய கருமங்கள் வேறுஞ் சில உள. பல நாடுகளில் சுற்றுலா விசாவில் சென்று தொண்டு வேலை செய்தல் சட்டத்துக்கு மாறானது. நேபாளத்தில் சம்பளமின்றிச் செய்தாலும் அது கூடாது. அழைக்கும் நிறுவனம் "அதைப்பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்று சொன்னால், அங்கேதான் கவலைப்படத் தொடங்கவேண்டும். ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் சில நாடுகளுக்கு மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே அச்சான்று செல்லுபடியாகும். வைத்தியரிடம் காலத்தோடு செல்லுங்கள். காப்புறுதி எடுங்கள். பெற்றோரிடம் முகவரியும் திரும்பும் தேதியும் எழுதிக் கொடுங்கள்.

"இரண்டு விமானச் சீட்டுக்குச் செலவாகும் பணத்தை அந்த ஊருக்கே அனுப்பிவிட்டால், உள்ளூர்க் கொத்தனார் எத்தனை நாள் வேலை செய்வார்! நீங்கள் ஏன் போகவேண்டும்?" என்று சிலர் கேட்பர். நேர்மையான கேள்வி. கல்லும் மண்ணும் மாத்திரமே கணக்கு என்றால் அவர்கள் சொல்வதே சரி. பணத்தை அனுப்பிவிட்டு வீட்டிலிருப்பதே தருமம். போய்த்தான் ஆகவேண்டும் என்றால், போவதனாலேயே உண்டாகும் ஒரு பயன் அங்கே இருத்தல் வேண்டும். அங்குள்ளார் அறியாத தொழில் ஒன்றைப் பழக்குதலாக அது இருக்கலாம். இருசாராரிடையே உள்ள பகையையோ அச்சத்தையோ நீக்குதலாக இருக்கலாம். அப்படி ஒன்றும் இல்லையேல் சீட்டு வாங்கவேண்டாம்.

நாம் இதை ஏட்டிலே மாத்திரம் படித்தவர்களல்லர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி கடல் பொங்கியபின் உலகம் முழுவதும் நம் கரைக்கு வந்தது. நம் சனங்கள் உடுத்தவே முடியாத உடுபுடவைகள் வழியோரங்களிலே குவிந்து கிடந்ததையும் கண்டோம். வந்தவர்களுள் நம்மைக் கேளாமல் கொடுத்தவரும் இருந்தனர். கேட்டறிந்து, நம்மோடு நின்று மண்வெட்டி பிடித்தவரும் இருந்தனர். இவ்விருவரையும் நம் கரையோர மக்கள் நன்றாக வேறுபடுத்தி அறிந்திருக்கின்றனர். பெற்றுக்கொண்டவர்களாய் நாம் அறிந்த அந்த வேறுபாட்டை, கொடுக்கப் போகும்போது மறக்கலாமா?

இன்னொன்று. போவதற்குக் கடல் கடக்கத்தான் வேண்டுமென்பதில்லை. 1958ஆம் ஆண்டில் கொழும்பிலே ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின அவர்கள், தம் மாணவர்களைக் கனத்தொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களின் கிராமம் அது. நகரத்துப் பிள்ளைகள் அவர்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, அவர்களோடு வேலை செய்தனர். சர்வோதய சிரமதான இயக்கம் அவ்வாறு தொடங்கிற்று. அங்கும் வெட்டிய மண்ணிலும் வெட்டியவர் யார் என்பதே பெரிதாயிற்று. வெளிநாடு சென்று மீள்வோர், "நம் ஊரில் நாம் இதுவரை கால் வைக்காத தெரு எது?" என்று கேட்டுக்கொண்டு மீள்வாராயின், அவர்கள் செய்த பயணச்செலவு வீணாகாது.

ஆகவே, இளைஞர்களே, நல்ல நண்பர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். தேசப்படத்தை விரிக்குமுன் அவரோடு இருந்து வினாக்களை எழுதுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். "வாருங்கள்" என்று விரைந்து அழைப்பவரை விட, "இது வேண்டும், இது வேண்டாம், இன்ன காலத்தில் வாருங்கள்" என்று சொல்பவரிடம் போங்கள். அவர்கள் தருவது கூடையாயினும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.